மேலிருப்போர் அறியாதவை: பேரிங்ஸ் வங்கியின் வீழ்ச்சியும் உயர்நிலை மேலாண்மையின் இடர்களும்

பெருநிறுவனங்களின் உயர்நிலை மேலாளர்கள் எதிர்கொள்ளும் இடர்கள் யாவை என்று வணிகவியல் பயிலும் மாணவரைக் கேட்டால், சந்தைப் போட்டி, தொழில்நுட்ப மாற்றம், திறமையாளரைத் தக்கவைத்துக்கொள்ளல் என்னும் விடைகள் விரைந்து வரும். அவை பிழையான விடைகள் அல்ல. எனினும் அவையனைத்திற்கும் முன்னதாக நிற்கும் இடர் ஒன்று உண்டு. தம் நிறுவனத்தில் உண்மையில் என்ன நடக்கின்றது என்பதை மேலிருப்பவர் எவ்வாறு அறிந்துகொள்வது என்பதே அது. எளிய வினாவாகத் தோன்றும் இதற்கு விடைகாணத் தவறியமையால், 233 ஆண்டுகள் நிலைத்திருந்த வங்கியொன்று சில வாரங்களில் அழிந்தது. அவ்வழிவு நிகழ்ந்த களம் நம் சிங்கப்பூரே ஆதலின், அதனையே இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

முதலில், தேக்கா வட்டாரத்து மளிகைக்கடை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். உரிமையாளர் கல்லாவில் அமர்ந்திருக்கின்றார். அரிசி மூட்டை எத்தனை எஞ்சியுள்ளது என்பதை அறிய அவருக்கு அறிக்கை வேண்டியதில்லை. தலையை உயர்த்திப் பார்த்தாற் போதும். எந்தப் பணியாள் சோர்ந்திருக்கின்றான், எவன் கணக்கில் தடுமாறுகின்றான் என்பதும் அவருக்குத் தெரியும். அக்கடை பத்துக் கிளைகளாகவும், பின்னர் பத்து நாடுகளில் பரவிய நிறுவனமாகவும் வளரும்போது, கண் இருந்த இடத்தில் தாள் வந்து அமர்கின்றது. உண்மைக்கும் உரிமையாளருக்கும் இடையே நான்கைந்து படிநிலை மனிதர் நிற்கின்றனர். ஒவ்வொருவரும் செய்தியைச் சற்றே மெருகேற்றி மேலே அனுப்புகின்றனர். அவர்களுள் எவரும் பொய்யராய் இருக்க வேண்டியதில்லை. தம் பிரிவைப் பற்றி நல்லதைச் சொல்ல விரும்பும் இயல்பான மனிதராய் இருந்தாலே போதுமானது.

பேரிங்ஸ் வங்கி 1762-இல் லண்டனில் தொடங்கப்பெற்றது. 1803-இல் அமெரிக்கா லூசியானா நிலப்பரப்பைப் பிரான்சிடமிருந்து வாங்கியபோது அதற்குரிய பணத்தைத் திரட்டித் தந்த வங்கிகளுள் அதுவும் ஒன்று. 1890-இல் அர்ஜென்டினாவிற்குத் தந்த கடன்களால் வீழ இருந்து, இங்கிலாந்து வங்கியின் முயற்சியால் பிழைத்தது. இத்தகைய வரலாறு ஒரு நிறுவனத்திற்குப் பெருமை தரும். அதனோடு, நமக்கு எதுவும் நேராது என்னும் நினைப்பையும் தரும். பின்னது எத்துணை ஆபத்தானது என்பதை 1995-ஆம் ஆண்டு காட்டியது.

அவ்வங்கி 1992-இல் நிக் லீசன் என்னும் இளைஞரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. அவருக்கு அப்போது வயது 25. சைமெக்ஸ் எனப்பட்ட சிங்கப்பூர் அனைத்துலக நாணயப் பரிமாற்றச் சந்தையில் பேரிங்ஸின் சார்பாக வாங்கி விற்பதும், அவ்வணிகத்தின் கணக்கை முடிப்பதும் ஆகிய இரண்டு பணிகளும் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டன. இஃது எத்தகைய பிழை என்பதை விளக்க நீண்ட உரை தேவையில்லை. மாணவர் தம் விடைத்தாளைத் தாமே திருத்தி, மதிப்பெண்ணையும் தாமே பதிந்து, பள்ளி முதல்வரிடம் கொடுக்கும் ஏற்பாடு அது.

லீசன் செய்வதாகச் சொல்லப்பட்ட வணிகம் எளிமையானது. ஜப்பானியப் பங்குச் சந்தைக் குறியீடாகிய நிக்கேய் 225-இன் மீதான முன்பேர ஒப்பந்தங்கள் ஒசாகாவிலும் சிங்கப்பூரிலும் ஒருங்கே விலைபோயின. இரு சந்தைகளிலும் விலை எப்போதும் இம்மியும் பிசகாமல் ஒத்திருப்பதில்லை. விலை குறைந்த இடத்தில் வாங்கி, அதே கணத்தில் விலை கூடிய இடத்தில் விற்றால் சிறிய இலாபம் கிட்டும். வாங்கியதும் விற்றதும் சமமாய் இருப்பதால், சந்தை ஏறினாலும் இறங்கினாலும் இழப்பு வாராது.

நடந்தது வேறு. 1992 ஜூலையில் 88888 என்னும் எண்ணில் பிழைத்திருத்தக் கணக்கு ஒன்று தொடங்கப்பட்டது. எட்டு என்னும் எண்ணைச் சீனர் நற்பேற்றின் அடையாளமாகக் கொள்வர் என்பதை நம் மாணவர் அறிவர். வணிகக் கூச்சலுக்கிடையே நேரும் சிறு பிழைகளைப் பதிந்துவைக்கும் இத்தகைய கணக்கு எந்த நிறுவனத்திலும் இருக்கக்கூடியதே. ஆனால், இக்கணக்கின் விவரங்கள் லண்டனுக்குச் செல்லும் அன்றாட அறிக்கைகளில் இடம்பெறாதவாறு கணினி நிரல் மாற்றப்பட்டது. சந்தை எத்திசையில் செல்லும் என்று ஊகித்து லீசன் பந்தயம் கட்டினார். வென்றவை வெளிக்கணக்கில் இலாபமாகக் காட்டப்பட்டன; தோற்றவை 88888-இல் புதைக்கப்பட்டன. வேலியே பயிரை மேய்ந்த கதை.

எண்களை நோக்குவோம். மறைக்கப்பட்ட இழப்பு 1992 இறுதியில் 2 மில்லியன் பவுண்டு. 1993 இறுதியில் 23 மில்லியன். 1994 இறுதியில் 208 மில்லியன். அதே 1994-ஆம் ஆண்டிற்கு லீசன் ஈட்டியதாக லண்டன் நம்பிய இலாபம் 28.5 மில்லியன் பவுண்டு. அவர் நிறுவனத்தின் நட்சத்திரமாகக் கொண்டாடப்பட்டார். அவருக்கு 450,000 பவுண்டு ஊக்கத்தொகை வழங்க முன்மொழியப்பட்டிருந்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஏமாற்றியவரின் சூழ்ச்சியைப் பற்றிப் பேசுவது எளிது. திரைப்படங்களும் அதைத்தான் செய்கின்றன. நம் அக்கறை ஏமாந்தவரைப் பற்றியது. லண்டனிலிருந்த மேலாளர்கள் கல்வியறிவற்றவர்கள் அல்லர், சோம்பேறிகளும் அல்லர். அவர்கள் கேட்டிருக்க வேண்டிய வினா ஒன்றே ஒன்றுதான். இழப்பு வாராத சிறிய வணிகத்தில் இவ்வளவு பெரிய இலாபம் எவ்வாறு வருகின்றது? இடர் குறைந்த இடத்தில் ஆதாயமும் குறைவாகவே இருக்கும் என்பது வணிகவியலின் முதற்பாடம். அவ்விலாபமே அபாயமணியாக ஒலித்திருக்க வேண்டும். ஆனால் இழப்பு வந்தால் விசாரணை நடத்தும் நிறுவனங்கள், இலாபம் வந்தால் விருந்து வைக்கின்றன. தமக்குரிய ஊக்கத்தொகையும் அதே இலாபத்திலிருந்துதான் வருகின்றது என்னும்போது, அதைத் தோண்டிப் பார்க்கும் மனம் எவருக்கும் எளிதில் வருவதில்லை. வங்கியின் தலைவராயிருந்த பீட்டர் பேரிங், பங்கு வணிகத்தில் பணம் ஈட்டுவது அப்படியொன்றும் கடினமில்லை என்ற கருத்தை 1993-இல் இங்கிலாந்து வங்கியின் மேற்பார்வையாளரிடம் தெரிவித்ததாகப் பதிவாகியுள்ளது. அந்த ஆண்டின் இறுதியில்தான் மறைந்திருந்த இழப்பு 23 மில்லியனைத் தொட்டது.

செய்தி மேலே செல்லவில்லை என்று சொல்வதற்கும் இல்லை. 1994 கோடையில் லண்டனிலிருந்து வந்த உள்தணிக்கையாளர், வாங்கி விற்பதையும் கணக்கு முடிப்பதையும் ஒருவரே செய்வது பெரும் இடர் என்றும், இவ்விரண்டையும் பிரிக்க வேண்டும் என்றும் எழுதிச் சென்றார். பரிந்துரை ஏற்றுக்கொள்ளப்பட்டது; ஆனால் நிறைவேற்றப்படவில்லை. 1995 ஜனவரியில் சைமெக்ஸ் நிர்வாகமே இருமுறை கடிதம் எழுதியது. முதற்கடிதம் 88888 என்னும் கணக்கைக் குறிப்பிட்டே வினா எழுப்பியது. பிப்ரவரித் தொடக்கத்தில் வெளித்தணிக்கையாளர், ஏறத்தாழ 50 மில்லியன் பவுண்டு மதிப்புள்ள தொகையொன்றிற்குத் தக்க சான்று இல்லை என்று கண்டனர். லீசன் போலியான ஆவணங்களைக் காட்டி அதைச் சமாளித்தார். ஒருவர் கையில் இருந்த துண்டை இன்னொருவர் கையில் இருந்த துண்டோடு பொருத்திப் பார்த்திருந்தால் முழுப்படமும் தெரிந்திருக்கும். ஆனால் பொருத்திப் பார்ப்பது எவருடைய வேலையும் அன்று.

அது ஏன் எவருடைய வேலையாகவும் இல்லை என்பதே உயர்நிலை மேலாண்மையின் நடுநாயகமான சிக்கல். பேரிங்ஸ் அக்காலத்தில், இன்றைய பெருநிறுவனங்கள் பலவற்றைப் போலவே, இரட்டைத் தலைமை முறையைக் கையாண்டது. ஓர் ஊழியர் தாம் பணியாற்றும் நாட்டின் மேலாளருக்கும் கட்டுப்பட்டவர். தாம் செய்யும் தொழிலுக்குரிய தலைவர் வேறொரு நாட்டில் இருந்தால் அவருக்கும் கட்டுப்பட்டவர். பல நாடுகளில் பல தொழில்களை நடத்தும் நிறுவனத்திற்கு இம்முறையின்றி இயங்குவது அரிது. ஆகவே முறையையே பழிப்பதில் பயனில்லை. ஆனால் அதன் நடுவே ஓர் இடைவெளி இருக்கின்றது. லீசனின் அன்றாட அலுவல்களைச் சிங்கப்பூர் மேலாளர்கள் கவனிப்பதாக லண்டன் எண்ணியது. அவரது வணிகத்தை லண்டன் கவனிப்பதாகச் சிங்கப்பூர் எண்ணியது. பின்னர் விசாரணை நடந்தபோது, அவருக்கு உண்மையில் யார் பொறுப்பாளர் என்பதிலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. இரண்டு மேலதிகாரிகள் இருந்தமையால் இரு மடங்கு கண்காணிப்புக் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ, கண்காணிப்பே இல்லாத ஒரு மனிதர்.

நம் பள்ளிகளிலும் இதன் சிறுவடிவத்தைக் காண்கின்றோம். ஒரு மாணவன் பின்தங்குவதைப் பாட ஆசிரியர் கண்டிருப்பார். வகுப்பாசிரியர் கவனித்துக்கொள்வார் என்று விட்டிருப்பார். வகுப்பாசிரியரோ, பாட ஆசிரியர் சொல்வார் என்று காத்திருப்பார். இருவரும் நல்லவர்கள். ஆண்டிறுதியில் இருவரும் வியப்படைவர்.

1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஜனவரி 23 அன்று நிக்கேய் குறியீடு ஒரே நாளில் 1,000 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. குறியீடு மீண்டும் ஏறும் என்னும் நம்பிக்கையில் லீசன் மேன்மேலும் வாங்கிக் குவித்தார். இத்தகைய ஒப்பந்தங்களை வைத்திருப்போர், விலை எதிர்த்திசையில் செல்லச் செல்ல, சந்தைக்கு நாள்தோறும் ஈட்டுத்தொகை கட்டியாக வேண்டும். லீசன் லண்டனிடம் பணம் கேட்டார்; லண்டன் அனுப்பியது. எந்த வாடிக்கையாளருக்காக எவ்வளவு தொகை செல்கின்றது என்பதை ஒப்பிட்டுச் சரிபார்க்காமலே அனுப்பியது. பிப்ரவரி இறுதிக்குள் அவ்வாறு சென்ற மொத்தத் தொகை 742 மில்லியன் பவுண்டு. அது வங்கிக் குழுமத்தின் அறிவிக்கப்பட்ட மூலதனத்தைப் போல் இரு மடங்கினும் மிகுதி. ஒரு நிறுவனம் தன் முழு உடைமைக்கும் மேற்பட்ட தொகையை, தனக்கு இடர் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு வணிகத்திற்குக் கொடுத்துத் தீர்த்தது. இதைவிட வியப்பான வரியை மேலாண்மை வரலாற்றில் எழுதுவது கடினம்.

பிப்ரவரி 23 அன்று லீசன் சிங்கப்பூரை விட்டு வெளியேறினார். கோலாலம்பூர், கோத்தா கினபாலு வழியாகச் சென்ற அவர், மார்ச் 2 அன்று பிராங்பர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். அதற்குள், பிப்ரவரி 26 ஞாயிற்றுக்கிழமை, பேரிங்ஸ் வீழ்ந்திருந்தது. மொத்த இழப்பு 827 மில்லியன் பவுண்டு என்று பின்னர்க் கணக்கிடப்பட்டது. 1890-இல் காப்பாற்றிய கை இம்முறை நீளவில்லை. நெதர்லாந்தின் ஐஎன்ஜி நிறுவனம் அதன் கடன்களை ஏற்று, ஒரு பவுண்டு விலைக்கு அதனை வாங்கியது. லீசனுக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

மேலாளர்களுக்கு என்ன நேர்ந்தது? அவர்களுள் எவரும் திருடியவர் அல்லர். ஆயினும் சில ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அவர்களுள் மூவரை நிறுவன இயக்குநராய் இருக்கத் தகுதியற்றவர் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் சாரம் இன்றும் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகின்றது. இயக்குநர் தம் பணிகளைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். அவர்களை நம்பவும் செய்யலாம். ஆனால் ஒப்படைத்ததை மேற்பார்வையிடும் கடமை அவரை விட்டு நீங்குவதில்லை. தாம் தலைமை ஏற்றுள்ள தொழிலை விளங்கிக்கொள்ளும் கடமையும் நீங்குவதில்லை. ஊதியம் உயர உயர, அவரிடம் எதிர்பார்க்கப்படும் பொறுப்பும் உயரும். தமிழில் ‘பொறுப்பு’ என்னும் சொல் ‘பொறு’ என்னும் அடியிற் பிறந்தது. சுமையைத் தாங்குதல் என்பதே அதன் பொருள். வேலையை இன்னொருவர் தோளுக்கு மாற்றலாம். சுமை அவ்வாறு மாறுவதில்லை என்றே நீதிமன்றமும் கூறிற்று.

அங்ஙனமாயின் மேலாளர் எவரையும் நம்பாமல் ஒவ்வொருவரையும் வேவு பார்க்க வேண்டுமா என்னும் ஐயம் எழும். திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதை ஆசிரியர்கள் அறிவர். ஆராயாமல் நம்புவதையும், நம்பியபின் ஐயுறுவதையும் வள்ளுவர் ஒருங்கே கண்டிக்கின்றார். ஒரு மனிதரை ஐயுறாமலே அவர் கணக்கைச் சரிபார்க்க இயலுமா? இயலும் என்றே நாம் கருதுகின்றோம். அதற்குரிய சான்றை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. சைமெக்ஸ் இயங்கிய ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்திலிருந்து சில நிமிட நடையில் உள்ள மார்க்கெட் ஸ்திரீட்டிலேயே அது முன்னொரு காலத்தில் இருந்தது.

நகரத்தார் கிட்டங்கிகளைச் சொல்கின்றோம். செட்டிநாட்டில் முதலாளி இருப்பார். கடல்கடந்து சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் அவருடைய பணம் வட்டிக்கு ஓடும். அக்காலத்தில் தொலைபேசி இல்லை. கப்பலில் வரும் கடிதமே உண்டு. பேரிங்ஸைவிடப் பன்மடங்கு இருட்டில் நடந்த தொழில் அது. அவர்கள் கண்ட வழி யாது? கடைக்கு அனுப்பப்பட்ட முகவர் ‘மேலாள்’ எனப்பட்டார். இன்று நாம் வழங்கும் ‘மேலாளர்’ என்னும் சொல்லுக்கு நெருங்கிய உறவுடைய சொல். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன் என்று படிநிலை இருந்தது. மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டு. அது முடிந்ததும் புதியவர் வந்து பேரேட்டையும் நிலுவைகளையும் பார்த்துப் பொறுப்பேற்பார். பழையவர் கணக்கோடு ஊர் திரும்புவார். அவர் நேர்மையானவரா அல்லரா என்னும் வினாவே அங்கு எழவில்லை. எல்லாருக்கும் மூன்றாண்டு, எல்லாருடைய கணக்கும் இன்னொருவர் கண்ணில் படும். மேலும், கிட்டங்கி என்பது நீண்ட கூடம். பல கடைகளின் முகவர்கள் அருகருகே தத்தம் பெட்டிகளுக்கு முன் அமர்ந்து தொழில் செய்தனர். அங்கே ஒருவர் பெருந்தொகையைக் கண்மூடித்தனமாகக் கடன் கொடுத்தால் பக்கத்துப் பெட்டிக்குத் தெரியாமல் இராது.

இம்முறையை நாம் பொற்காலமாகப் புனைந்துரைக்கவில்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் அவர்கள் பட்ட பெருந்துன்பத்தை எந்தப் பேரேடும் தடுக்கவில்லை. ஆனால் தொலைவில் இருப்பவரின் கணக்கு இன்னொருவர் கைக்கு மாறியே தீரவேண்டும் என்னும் விதியின் அருமையை, இன்றைய வங்கிகள் பெரும்பொருளை இழந்தே கற்றன. பிரான்சின் சொசியேத்தே ஜெனரால் வங்கியில் 2008-இல் ஜெரோம் கெர்வியேல் என்பவரின் வணிகத்தால் 4.9 பில்லியன் யூரோ இழப்பு வெளிப்பட்டது. அவர் விடுப்பு எடுப்பதையே தவிர்த்துவந்தார். தம் இருக்கையில் இன்னொருவர் அமர்ந்தால் மறைத்தவை வெளிவரும் என்பதே காரணம். இன்று பல வங்கிகளில் வணிகப் பிரிவினர் ஆண்டுதோறும் தொடர்ச்சியாகச் சில நாள்கள் கட்டாய விடுப்பில் செல்ல வேண்டும் என்னும் விதி உள்ளது. மேலாள் மூன்றாண்டில் கப்பலேறியதன் இன்றைய வடிவம் அது.

விதிகள் எவ்வளவு இருந்தாலும், அவற்றை நிறைவேற்றுவோர் கீழிருந்து வரும் சொல்லுக்குச் செவிகொடுப்பவராய் இருக்க வேண்டும். அது விதியால் வருவதன்று. பேரிங்ஸின் வரலாற்றில் நம்மை மிகவும் வருத்துவது லீசனின் தந்திரமோ 827 மில்லியன் என்னும் எண்ணோ அன்று, ஒரு கடிதம்.

அதை எழுதியவர் ஜேம்ஸ் பாக்ஸ். சிங்கப்பூரில் பேரிங்ஸின் பங்கு வணிகப் பிரிவுக்குத் தலைவராய் இருந்தவர். சைமெக்ஸில் தொடங்கவிருக்கும் வணிகத்திற்கு லண்டன் வகுத்துள்ள தலைமையமைப்பு தெளிவற்றது என்றும், அது பிற்காலத்தில் பேரழிவாய் முடியலாம் என்றும், பெரும்பணத்தையோ வாடிக்கையாளரின் நல்லெண்ணத்தையோ, அல்லது இரண்டையுமோ இழக்க நேரிடலாம் என்றும் அவர் லண்டனுக்கு எழுதினார். அமைப்பு மாறவில்லை. பின்னாளில் அவரும் அவ்வமைப்புக்குள் பழகிப்போனார். வீழ்ச்சிக்குப் பின் நடந்த விசாரணையில் குறைகூறப்பட்டோருள் அவரும் ஒருவர். அக்கடிதத்தில் உள்ள நாள் 1992 மார்ச் 25. பேரிங்ஸ் சைமெக்ஸில் தன் முதல் ஒப்பந்தத்தைச் செய்ய அப்போது இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன.